பெட்டி கைமாறும் வாரம்: அமெரிக்கக் கல்லூரியில் ஒரு சேவை ஃப்ரட்டர்னிட்டி சாப்டரை நடத்துவது

மூடி சரியாகப் பொருந்தாத ஒரு நீலப் பிளாஸ்டிக் பெட்டி. உள்ளே சாப்டரின், அதாவது ஒரு கல்லூரியில் இயங்கும் கிளையின், சார்ட்டர் (அங்கீகாரப் பத்திரம்) பிரதி, சடங்குப் புத்தகம், பாதி எரிந்த மெழுகுவத்திகள், மடித்துவைத்த பேனர், காசோலைப் புத்தகம், யாருடையவை என்று தெரியாத, சட்டையில் குத்தும் இரண்டு பின்கள். டிசம்பர் தொடக்கத்திலோ மே தொடக்கத்திலோ இந்தப் பெட்டி பழைய நிர்வாகிகள் கையிலிருந்து புதியவர்கள் கைக்குப் போகும். பார்க்க ஒன்றுமில்லாத விஷயம்தான். ஆனால் ஒரு சாப்டர் இருபது வருடம் நிற்குமா, இரண்டே வருடத்தில் படுத்துவிடுமா என்பதை அந்த வாரத்தை வைத்தே சொல்லிவிடலாம். காரணம் எளிது. கல்லூரியில் நான்கு வருடத்துக்குள் ஆட்கள் மொத்தமும் மாறிவிடுவார்கள். எழுதி வைக்காதது, கற்றுக்கொடுக்காதது எல்லாம் ஐந்தாவது வருடம் இருக்காது.

அமெரிக்காவுக்குப் படிக்க வரும் நம் பிள்ளைகள் முதல் வாரத்திலேயே ஃப்ரட்டர்னிட்டி எனப்படும் மாணவர் சங்கங்களின் கிரேக்க எழுத்துப் போட்ட மேஜைகளைப் பார்த்துவிடுகிறார்கள். எது என்ன என்று புரிவதில்லை. பெரிய வீடும் வார இறுதி விருந்தும் உள்ளவை சோஷியல் ஃப்ரட்டர்னிட்டிகள். படிப்புக்கு மரியாதை தருபவை வேறு. அவற்றில் மூத்தது 1776ல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் தொடங்கிய ஃபை பீட்டா கப்பா. கறுப்பின மாணவர்கள் தங்களுக்காகக் கட்டியெழுப்பியவை தனி மரபு. 1906ல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் பிறந்த ஆல்ஃபா ஃபை ஆல்ஃபாவிலிருந்து அது வருகிறது. தெற்காசிய மாணவர்கள் தொடங்கியவையும் உண்டு: பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் 1996ல் சிக்மா பீட்டா ரோ, ஆஸ்டினிலுள்ள டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1998ல் டெல்டா எப்சிலான் சை. இங்கே சொல்லப்போவது இவை எதையும் அல்ல. சேவை ஃப்ரட்டர்னிட்டியான ஆல்ஃபா ஃபை ஒமேகாவைப் பற்றி. உள்ளே இருப்பவர்கள் வாயில் அது ஏ-ஃபை-ஓ.

1925 டிசம்பர் 16ஆம் தேதி, பென்சில்வேனியா மாநிலம் ஈஸ்டன் ஊரிலுள்ள லஃபாயெட் கல்லூரியின் பிரெய்னர்டு ஹாலில் அது தொடங்கியது. தொடங்கியவர் ஃபிராங்க் ரீட் ஹார்ட்டன். முதல் உலகப் போரில் கடற்படையில் இருந்துவிட்டுக் கல்லூரிக்கு வந்தவர். சாரணர் இயக்கத்தின் உறுதிமொழியைக் கல்லூரி வயதுக்கு எடுத்துவர வேண்டும் என்பது அவர் எண்ணம். தலைமை, நட்பு, சேவை என்ற மூன்று சொற்களில்தான் இன்றைக்கும் எல்லாம் நிற்கிறது. சேவையை நான்கு பக்கமாகப் பிரிப்பார்கள்: வளாகத்துக்கு, ஊருக்கு, நாட்டுக்கு, அமைப்புக்கே. 1976 தேசிய மாநாட்டில்தான் பெண்களை முழு உறுப்பினர்களாகச் சேர்க்க முடிவானது. அதற்குப் பிறகும் சொல் மாறவில்லை. பெண் உறுப்பினரும் 'பிரதர்'தான். முதல் மாதம் நம் பெண்களுக்கு இது சிரிப்பாக இருக்கும், அப்புறம் பழகிவிடும். வீடு கிடையாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். மாணவர் மன்றக் கட்டடத்தில் ஒரு அலமாரி கிடைத்தாலே அதிர்ஷ்டம். பெட்டிக்கு அவ்வளவு முக்கியத்துவம் வந்தது அதனால்தான்.

ஊரில் என்எஸ்எஸ்ஸில் இருந்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். அங்கே இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம், திட்ட அலுவலராக ஒரு பேராசிரியர். இங்கே அந்தப் பேராசிரியர் கிடையாது. ஆலோசகர் என்று ஒருவர் இருப்பார், கையெழுத்துப் போடுவார். திட்டத்தைப் பிடிப்பது, வண்டி ஏற்பாடு, பணக் கணக்கு, சண்டையைத் தீர்ப்பது எல்லாமே பத்தொன்பது இருபது வயதுப் பிள்ளைகள் தலையில். நல்லதும் கெட்டதும் இரண்டுமே அதிலிருந்துதான் வருகின்றன.

சேவையில் பெரிய வேலை ரத்ததான முகாம். கேட்க எளிதாகத் தெரியும், நடத்திப் பார்த்தால்தான் தெரியும். செஞ்சிலுவைச் சங்கம் நர்ஸ்களையும் படுக்கைகளையும் கொண்டுவரும். இடம், ஆள் சேர்ப்பு, வரவேற்பு மூன்றும் சாப்டரின் பொறுப்பு. இடத்தை இரண்டு மூன்று மாதம் முன்பே எடுத்துவிட வேண்டும். தரைத்தளம் அல்லது சரக்கு லிஃப்ட் உள்ள கட்டடம், போதுமான மின் இணைப்பு, ஏசி. மாடியில் அழகான ஹால் கிடைத்தது என்று எடுத்துவிட்டு, காலை ஆறு மணிக்கு ஏற்றி இறக்கும் ஊழியர்கள் முகத்தைப் பார்த்து வருந்திய சாப்டர்கள் உண்டு.

தேதியைக் கணக்கு பார்த்துப் போட வேண்டும். முழு ரத்தம் கொடுத்தவர் 56 நாள் கழித்துத்தான் மறுபடி கொடுக்கலாம். செப்டம்பர் 10ல் முதல் முகாம் என்றால் அதே ஆட்கள் நவம்பர் 5க்கு முன் வர முடியாது. ஏ-ஃபை-ஓவின் தேசிய சேவை வாரம் நவம்பரின் முதல் முழு வாரத்தில் வருவதால், செப்டம்பர் முகாமைத் தள்ளிப்போடாமல் முன்னதாகவே முடித்துவிடுவது நல்லது. அக்டோபரில் ஒன்றை நடத்திவிட்டு நவம்பரிலும் ஒன்று வைத்தால் இரண்டாவதில் படுக்கைகள் காலியாகத்தான் கிடக்கும்.

முப்பது யூனிட் இலக்கு என்றால் நாற்பத்தைந்து பேருக்காவது நேரம் குறித்து வைக்க வேண்டும் என்பது எங்கள் கைக்கணக்கு. சிலர் வரமாட்டார்கள். வந்தவர்களில் சிலரை ஹீமோகுளோபின் தடுத்துவிடும், பெண்களுக்கு 12.5, ஆண்களுக்கு 13 கிராமாவது இருக்க வேண்டும். எடை 110 பவுண்டு வேண்டும். முந்தின நாள் அனுப்பும் நினைவூட்டலில் மூன்றே விஷயம் எழுதுங்கள்: அடையாள அட்டை, வயிறு நிறையச் சாப்பாடு, நிறையத் தண்ணீர். நீளமாக எழுதினால் யாரும் படிப்பதில்லை.

நம்மவர்களுக்கு ஒரு தனி விஷயம். இந்தியா மலேரியா பரவும் நாடுகளின் கணக்கில் வருகிறது. அப்படிப்பட்ட நாட்டில் ஐந்து வருடத்துக்கு மேல் வாழ்ந்துவிட்டு வந்தவர் மூன்று வருடம் கழித்துத்தான் இங்கே ரத்தம் கொடுக்க முடியும். அந்த மூன்று வருடத்துக்குள் ஒருமுறை பொங்கலுக்கு ஊருக்குப் போய் வந்தால் எண்ணிக்கை முதலிலிருந்து தொடங்கும். மூன்று வருடம் தாண்டிய பிறகு போய் வந்தால் மூன்று மாதம் பொறுத்தால் போதும். இது தெரியாமல் ஊரிலிருந்து புதிதாக வந்த பத்துப் பிள்ளைகளை வரிசையில் நிற்கவைத்து, ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பும்போது அவர்கள் முகம் சுருங்குவதைப் பார்க்கச் சகிக்காது. முன்பே சொல்லிவிட்டு அவர்களைப் பதிவு மேஜையிலும், ரத்தம் கொடுத்தவர்களுக்குச் சிற்றுண்டி தரும் கேன்டீன் மேஜையிலும் உட்கார வையுங்கள். கேன்டீன் மேஜைதான் முகாமிலேயே கவனம் வேண்டிய இடம். ரத்தம் எடுக்கும்போது மயங்குபவர்களைவிட, எழுந்து நடந்து வந்து உட்கார்ந்த பிறகு மயங்குபவர்களைத்தான் நாங்கள் அதிகம் பார்த்திருக்கிறோம். உதடு வெளுக்கும், மேலுதட்டில் வியர்வை அரும்பும், பேச்சு பாதியில் நிற்கும். அந்த நொடியில் ஆளை நாற்காலியிலிருந்து எழுப்பக் கூடாது. அப்படியே தரையில் சாய்த்துப் படுக்கவைத்துக் காலை உயர்த்திவிட்டு நர்ஸைக் கூப்பிட வேண்டும். பிஸ்கட் பாக்கெட்டைப் பிரித்துக் கொடுத்துவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருப்பவருக்கு அந்த மேஜை ஆகாது. கொடுத்தவரைப் பதினைந்து நிமிடமாவது உட்காரவைக்க வேண்டும், 'கிளாஸுக்கு லேட்' என்று அவர் என்ன சொன்னாலும்.

இன்னொன்று சாண்ட்விச். வீடற்றோர் காப்பகத்துக்கு இருநூறு பொட்டலம் என்பது ஒரு மாலை வேலை. வேர்க்கடலை வெண்ணெயும் ஜெல்லியும்தான் வழக்கம். குளிர்பெட்டி வேண்டாம், கெடாது. ஒரு பெரிய ரொட்டியில் ஓரத்துண்டு போக இருபது துண்டு தேறும், அதாவது பத்து சாண்ட்விச். இருநூற்றுக்கு இருபது ரொட்டி, நசுங்கியதற்கு மாற்றாக இரண்டு. 40 அவுன்ஸ் வேர்க்கடலை வெண்ணெய் ஜாடியில் முப்பத்தைந்து வரை வரும், ஆறு ஜாடி வாங்குங்கள். 30 அவுன்ஸ் ஜெல்லி ஐந்து. ஒரு மேஜைக்கு எட்டுப் பேர்: ரொட்டி பிரித்து அடுக்க இருவர், வெண்ணெய் தடவ மூவர், ஜெல்லிக்கு ஒருவர், மூடிப் பையில் போட ஒருவர், எண்ணிப் பெட்டியில் அடுக்கித் தேதி எழுத ஒருவர். வெண்ணெய் தடவுமிடத்தில்தான் வேலை தேங்கும். இரண்டு துண்டிலும் வெண்ணெய் தடவிவிட்டு நடுவில் ஜெல்லி வைக்க வேண்டும். ஒரு பக்கம் வெறும் ரொட்டியில் ஜெல்லி பட்டால் மறுநாள் காலை ஈரம் ஊறிக் கூழாகிவிடும், காப்பகத்தில் தூக்கித்தான் போடுவார்கள். கடலை ஒவ்வாமை உள்ளவர்கள் இருப்பார்களா என்று காப்பகத்தைக் கேட்காமல் எதுவும் வாங்காதீர்கள். இருந்தால் பாலாடைக்கட்டி வைத்துச் செய்யலாம். ஆனால் அதே மேஜையில், அதே கத்தியில் கூடாது.

மணிக்கணக்கு எல்லா சாப்டரிலும் சண்டை வரும் இடம். ஒவ்வொரு உறுப்பினரிடமும் ஒரு செமஸ்டருக்கு இருபது முதல் முப்பது மணி நேரச் சேவை வரை கேட்பார்கள், சாப்டருக்குச் சாப்டர் மாறும். பயண நேரம் சேருமா, ரத்தம் கொடுத்தால் எத்தனை மணி, இணையத்தில் செய்த வேலை செல்லுமா என்று ஆளுக்கொரு நியாயம் வைத்திருப்பார்கள். எது முடிவானாலும் சரி, செமஸ்டரின் முதல் கூட்டத்திலேயே எழுதி முடித்துவிட வேண்டும். நடுவில் மாற்றினால் அநியாயமாகத்தான் தெரியும். பெரிய தொல்லை கடைசி இரண்டு வாரம். மணி குறைந்தவர்கள் அத்தனை பேரும் ஒரே சனிக்கிழமை உணவு வங்கிக்கு ஓடுவார்கள். ஆறு பேர் தேவைப்படும் இடத்தில் இருபத்தைந்து பேர் போய் நின்றால், அடுத்த செமஸ்டர் அந்த இடத்தில் போனைக்கூட எடுக்க மாட்டார்கள். ஒவ்வொரு திட்டத்துக்கும் ஆள் வரம்பு வையுங்கள், பாதி மணியைச் செமஸ்டரின் பாதிக்குள் முடிக்கச் சொல்லுங்கள். கணக்கை அன்றிரவே, திட்டத்தை நடத்தியவரே எழுத வேண்டும்.

எஃப்-1 என்ற மாணவர் விசாவில் இருப்பவர்களுக்கு ஒரு சொல். லாப நோக்கமில்லாத அமைப்பில், யாருக்கும் சம்பளம் தராத வேலையைச் சும்மா செய்து கொடுப்பது தன்னார்வ வேலை. சம்பளத்துக்கு ஆள் வைக்கும் வேலையைச் சம்பளமில்லாமல் செய்வது வேறு. அது சிக்கலில் கொண்டுபோய் விடலாம். சந்தேகம் வந்தால் சீனியரைக் கேட்காதீர்கள், பல்கலைக்கழகத்தின் வெளிநாட்டு மாணவர் அலுவலகத்தைக் கேளுங்கள்.

இனி மரபு. புதிதாகச் சேர்பவர் பிளெட்ஜ். வரலாறு படிப்பார், சேவைத் திட்டம் ஒன்றைத் தன் குழுவோடு சேர்ந்து தானே நடத்துவார், பிளெட்ஜ் பின் அணிவார், முடிவில் சடங்கில் உறுப்பினராவார். சடங்குப் புத்தகத்தில் இருப்பதை வெளியே சொல்வதில்லை, இங்கேயும் சொல்லப்போவதில்லை. இரகசியம் என்றதும் ஏதோ பயங்கரம் என்று நினைக்க வேண்டாம். புனிதம் என்று சிலர் ஏற்றி வைக்கும் உயரத்துக்கும் அது இல்லை. தயாரிப்பில்லாமல் நடத்தினால் ஒழுங்காக வராது, அவ்வளவுதான். வாசிப்பவர்கள் இரண்டு முறையாவது ஒத்திகை பார்க்க வேண்டும். கிரேக்கப் பெயர்களைத் தடுமாறி வாசித்து யாராவது சிரித்துவிட்டால் அந்த இரவு போயிற்று. அறையில் மெழுகுவத்திக்கு அனுமதி உண்டா என்று முன்பே கேளுங்கள். விடுதி அறைகளில் பெரும்பாலும் கிடையாது, புகை உணர்வி ஊளையிட்டால் கட்டடமே வெளியேறி நிற்கும். பேட்டரி மெழுகுவத்தி அழகில்லைதான். அலாரத்துக்கு அது மேல்.

பிளெட்ஜுக்கு ஒரு 'பிக்' வாய்ப்பார், அவருக்கு இவர் 'லிட்டில்'. அண்ணன் தம்பி, அக்கா தங்கை உறவு மாதிரி. தமிழ்ப் பிள்ளைகள் இரண்டே நாளில் 'அண்ணா' என்று கூப்பிட ஆரம்பித்துவிடுவார்கள், வேறு ஊர்க்காரர் ஆனாலும். இந்தக் கொடி வழியை மரம் போல வரைந்து வைப்பார்கள், ஐம்பது வருடத்துக்குப் பின்னாலும் போகும். ஜோடி சேர்க்கும்போது இரண்டு பக்கமும் மூன்று பெயர் எழுதி வாங்கி, இரண்டே பேர் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். அறையில் ஆள் கூடினால் பேரமாகிவிடும். அடுத்த மாதம் பட்டம் வாங்கிப் போகிறவருக்கு லிட்டில் கொடுக்காதீர்கள். உறவு முளைக்கும் முன்பே அவர் ஊர் மாறிவிடுவார், இந்தப் பிள்ளை இரண்டாவது செமஸ்டரில் வருவதை நிறுத்திவிடும். விட்டுப்போகிறவர்களின் பட்டியலை எடுத்துப் பார்த்தால் பாதிக் கதை இதுவாகத்தான் இருக்கும்.

ஹேசிங் பற்றிப் பேசாமல் இதைத் தாண்ட முடியாது. நாம் ராகிங் என்கிறோம். தமிழ்நாட்டில் 1997லேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அமெரிக்காவில் மாநிலத்துக்கு மாநிலம் சட்டம் வேறு; 2024 டிசம்பரில் கையெழுத்தான கூட்டாட்சிச் சட்டம் ஒவ்வொரு கல்லூரியும் ஹேசிங் விவரங்களைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்கிறது. ஏ-ஃபை-ஓ ஹேசிங்கை முழுதாகத் தடை செய்திருக்கிறது. ஆனாலும் அது கதவு வழியே வராது, ஜன்னல் வழியே வரும். ஓர் உதாரணம், கையெழுத்து வேட்டை. பிளெட்ஜ் எல்லா உறுப்பினரோடும் உட்கார்ந்து பேசி, கையேட்டில் கையெழுத்து வாங்க வேண்டும். நல்ல வழக்கம், ஐம்பது பேரைத் தெரிந்துகொள்ள இதைவிட நல்ல வழி இல்லை. ஒரு வருடம் யாரோ ஒருவர் 'ஒரு பாட்டுப் பாடினால்தான் கையெழுத்து' என்பார். அடுத்த வருடம் அது நடனமாகும். அதற்கடுத்த வருடம் இரவு பதினொரு மணிக்கு காபி வாங்கிவரச் சொல்வார்கள். மூன்றாவது வருடத்து ஆளுக்கு அதுதான் மரபு. முன்னால் எப்படி இருந்தது என்று சொல்ல ஆள் இருக்காது. 'அவனே விரும்பித்தான் செய்தான்' என்பது பல மாநிலங்களில் சட்டப்படி சாக்கே அல்ல. ஒரே விதி போதும்: இருபது நிமிடப் பேச்சு, மேஜையை விட்டு எழும் முன் கையெழுத்து, பதிலுக்கு எதுவும் கேட்கக் கூடாது. அதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே அச்சிட்டுவிடுங்கள். பிளெட்ஜே எடுத்துக் காட்ட முடியும்.

கொரோனா காலம் இதையெல்லாம் ஒரே அடியில் சோதித்தது. 2020லும் 2021லும் சடங்கைத் திரையில் பார்த்தவர்கள் 2022ல் தலைவர்கள் ஆனார்கள். கூட்ட முடிவில் வட்டமாக நின்று கைகோத்துப் பாடும் டோஸ்ட் சாங்குக்கு ராகம் தெரியாமல் நின்ற சாப்டர்கள் இருந்தன. பழைய உறுப்பினர் பாடிப் பதிவு செய்த ஒரு நிமிட ஒலித்துண்டு வைத்திருந்தவர்கள் பிழைத்துக்கொண்டார்கள்.

பணம். தேசிய அலுவலகத்துக்கு ஒரு கட்டணம், சாப்டருக்கு டியூஸ் எனப்படும் சந்தா. தனி ஆளின் வென்மோ (போனில் பணம் அனுப்பும் செயலி) கணக்கில் டியூஸ் வாங்காதீர்கள், எவ்வளவு நல்ல பையனாக இருந்தாலும். சாப்டர் பெயரில் வங்கிக் கணக்கு, அதற்கு ஐஆர்எஸ் என்ற வரித்துறை அமைப்புகளுக்குத் தரும் ஈஐஎன் எண், இரண்டு பேர் கையெழுத்து. தேர்தல் முடிந்த பத்து நாளில் பழைய பொருளாளரும் புதியவரும் சேர்ந்தே வங்கிக்குப் போக வேண்டும். கோடை விடுமுறைக்கு ஆளுக்கொரு மாநிலம் போய்விட்டால் செப்டம்பர் வரை கணக்கு பூட்டிக் கிடக்கும். வருட வரவு வழக்கமாக 50,000 டாலருக்குள் இருக்கும் சிறிய அமைப்பு 990-என் என்ற சின்னப் படிவத்தை இணையத்தில் போட வேண்டும், பத்து நிமிட வேலை. நிதியாண்டு முடிந்து ஐந்தாவது மாதம் 15ஆம் தேதி கெடு. ஜூன் 30ல் முடியும் ஆண்டுக்கு நவம்பர் 15. மூன்று வருடம் தொடர்ந்து போடாமல் விட்டால் வரிவிலக்குத் தகுதி தானாகவே போய்விடும். எப்படி மூன்று வருடம் மறக்கும் என்று கேட்பீர்கள். எச்சரிக்கைக் கடிதம் 2019ல் பட்டம் வாங்கிய பொருளாளரின் பழைய அபார்ட்மென்ட்டுக்குப் போய்க்கொண்டிருக்கும். முகவரியை மாணவர் அமைப்பு அலுவலகமாகவோ தபால் பெட்டியாகவோ வையுங்கள். பொறுப்பாளர் மாறினால் 60 நாளுக்குள் ஐஆர்எஸுக்கு 8822-பி படிவம் அனுப்ப வேண்டும். உங்கள் சாப்டர் தேசிய அமைப்பின் குழு வரிவிலக்கில் வருகிறதா, தனியாகவா என்பதை முதலில் தேசிய அலுவலகத்தில் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

கடவுச்சொற்களும் இதே வகைதான். சாப்டர் மின்னஞ்சலின் இரட்டைச் சரிபார்ப்பு எண் யாருடைய போனுக்குப் போகிறது? பெரும்பாலும் சியாட்டிலில் வேலைக்குப் போய்விட்ட பழைய செயலாளருக்கு. அவருக்கு நள்ளிரவில் கூப்பிடுவது ஒரு மரபாகவே ஆகிவிட்டது. காப்பு எண்களை அச்செடுத்து உறையில் ஒட்டிப் பெட்டியில் போடுங்கள்.

அலும்னி, அதாவது பழைய உறுப்பினர்கள், பக்கம் வருவோம். பட்டம் வாங்கிய சில மாதத்தில் கல்லூரி மின்னஞ்சல் பல இடங்களில் செத்துவிடும், ஆள் தொலைந்துவிடுவார். எனவே சடங்கன்றே சொந்த மின்னஞ்சலை வாங்கிவிட வேண்டும், பட்டமளிப்புக்கு முந்தின வாரம் மறுபடி சரிபார்க்க வேண்டும். பட்டியலில் இருக்க வேண்டியவை: இப்போதைய பெயர், சேர்ந்தபோது இருந்த பெயர் (திருமணத்துக்குப் பின் மாறியிருக்கும், தேடினால் கிடைக்காது), எந்த செமஸ்டரில் பிளெட்ஜ், பிக் யார், லிட்டில் யார், ஊர், வேலை. மின்னஞ்சல் திரும்பி வந்தால் பெயரை அழித்துவிடாதீர்கள். அவருடைய பிக்கைக் கேளுங்கள், பத்தில் ஏழு முறை கிடைத்துவிடுவார். இறந்தவர்களுக்குத் தனிப் பக்கம். பல ஃப்ரட்டர்னிட்டிகளில் அதை ஒமேகா சாப்டர் என்பார்கள்.

கடிதம் வருடத்துக்கு மூன்று போதும். முதல் கடிதத்தில் பணம் கேட்காதீர்கள். இரண்டாவதிலும் வேண்டாம். இந்த செமஸ்டர் எத்தனை யூனிட் ரத்தம், எத்தனை சாண்ட்விச், யார் யார் புதிது, இரண்டு புகைப்படம், அவ்வளவு. பணம் கேட்கும்போது துல்லியமாகக் கேளுங்கள்: 'மாநாட்டுக்குப் போகும் நான்கு பேருக்கு வண்டி வாடகை.' நன்கொடைக்கு வரிக்கழிவு உண்டா என்று கேட்டால் வாய்க்கு வந்ததைச் சொல்லக் கூடாது. சோஷியல் ஃப்ரட்டர்னிட்டிகள் பெரும்பாலும் 501(சி)(7) கிளப் வகை, சாப்டருக்கே நேராகக் கொடுத்தால் கழிவு கிடையாது. அந்த ஃப்ரட்டர்னிட்டியின் அறக்கட்டளைக்குக் கொடுத்தால் உண்டு. உங்கள் சாப்டரின் நிலை எது என்பதைப் பொருளாளர் எழுத்தில் வைத்திருக்க வேண்டும்.

ஐம்பதாம் ஆண்டு மாதிரிப் பெரிய கூடுகைக்குப் பன்னிரண்டு மாதம் வேண்டும். ஹோம்கமிங் என்ற, பழைய மாணவர்கள் கல்லூரிக்குத் திரும்பி வரும் வார இறுதியில் வைத்தால் கூட்டம் வரும், ஓட்டல் வாடகையும் இரண்டு மடங்கு வரும். அறைகளை மொத்தமாகப் பிடிக்கும்போது ஒப்பந்தத்தில் 'அட்ரிஷன்' என்ற வரியைத் தேடிப் படியுங்கள். பிடித்த அறைகளில் இத்தனை சதவீதம் நிரம்பாவிட்டால் மிச்சத்துக்கு நீங்கள் பணம் கட்ட வேண்டும் என்பார்கள். நாற்பது அறை ஆசையில் பிடித்து இருபத்திரண்டு நிரம்பினால் அடுத்த வருட டியூஸ் அத்தனையும் அங்கேயே போகும். குறைவாகப் பிடித்து, நிரம்பியதும் கூட்டுவது உத்தமம். பெயர் அட்டையில் முதல் பெயர் பெரிதாக, பிளெட்ஜ் செமஸ்டர் அதன் கீழே. எழுபது வயதுக்காரர் கண்ணாடி போடாமலே படிக்க வேண்டும். மேடைப் பேச்சு இருபது நிமிடத்தைத் தாண்டக் கூடாது. அவர்கள் வந்தது பழைய நண்பனின் பக்கத்தில் உட்கார. 1976க்கு முன் சேர்ந்தவர்கள் ஆண்கள் மட்டுமே இருந்த சாப்டரை நினைத்துக்கொண்டு வருவார்கள், இப்போது தலைவர் ஒரு பெண்ணாக இருப்பார். ஒருவரையொருவர் முன்பே போனில் பேசவைத்துவிட்டால் அன்று சங்கடம் இருக்காது.

அவர்கள் கொண்டுவரும் பழைய படங்களை வாங்கி மேஜையில் பரப்பிவிட்டால் போதாது. படத்தின் பின்னால் மென்மையான பென்சிலால் பெயரும் வருடமும் எழுதச் சொல்லுங்கள். பால்பாயிண்ட் பேனா முன்பக்கம் புடைக்கும், மை ஊறும். 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து மூலத்தைத் திருப்பிக் கொடுங்கள். கூட்டக் குறிப்புகள், பழைய பிளெட்ஜ் கையேடுகளைப் பல்கலைக்கழக ஆவணக் காப்பகத்திடம் கேட்டுப் பாருங்கள், பல இடங்களில் மாணவர் அமைப்புகளின் தாள்களை மகிழ்ச்சியாக வாங்கிக்கொள்வார்கள். சமூகப் பாதுகாப்பு எண் உள்ள பழைய படிவங்களையும் சடங்குப் புத்தகத்தையும் பிரித்தெடுத்த பிறகே கொடுக்க வேண்டும்.

பெட்டியைக் கோடையில் யார் வைத்திருப்பது என்பதற்கும் ஒரு பதில் வேண்டும். ஆலோசகரின் அலுவலகம். டெக்சாஸிலோ அரிசோனாவிலோ கார் டிக்கியில் விட்டுவிட்டால் ஆகஸ்டில் திறக்கும்போது மெழுகு உருகிப் பேனரோடு ஒட்டியிருக்கும். பேனருக்கு மேல் காகிதம் விரித்து மந்தமான இஸ்திரிப் பெட்டியால் ஒற்றி எடுத்தால் ஓரளவு வரும், நீலச் சாயத்தில் எண்ணெய்க் கறை மட்டும் போகாது. பெட்டியோடு ஒரு பொருள் பட்டியல், அதில் கொடுத்தவர் வாங்கியவர் இருவர் கையெழுத்து.

பட்டம் வாங்கிப் போனவருக்கு எங்கள் யோசனை: ஒரு வருடம் சாப்டர் கூட்டத்துக்குப் போகாதீர்கள். போனால் பழைய தலைவராகத்தான் உட்காருவீர்கள், புதிய தலைவர் பேசும்போது எல்லாரும் உங்கள் முகத்தைப் பார்ப்பார்கள். கேட்டால் மட்டும் பதில் சொல்லுங்கள், வண்டி கேட்டால் கொடுங்கள். ஆசை அடங்கவில்லை என்றால் ரத்ததான முகாம் இருக்கவே இருக்கிறது. போய்ப் படுத்து ஒரு யூனிட் கொடுத்துவிட்டு, கேன்டீன் மேஜையில் பிஸ்கட் தின்றபடி பதினைந்து நிமிடம் புதிய பிள்ளைகளோடு பேசலாம். மூன்று வருடம் முடிந்திருந்தால்.